நெல்லுக்கும் அரிசிக்கும் நடுவே: கோபிந்தபோக் விவசாயியும் கார்டன் ரீச் துறைமுகமும்

தமிழ்நாட்டில் பிரியாணிக்கென்று சீரகச் சம்பா கேட்டு வாங்குகிறவர்களில் பலருக்கு அந்த மூட்டை எந்த மண்ணில் விளைந்தது என்று தெரியாது. அதில் ஒரு பகுதி வங்காளத்து அரிசி என்பது மண்டிக்காரர்கள் அறிந்த சங்கதி. மேற்கு வங்கத்தின் பர்தமான் வட்டாரத்தில் கோபிந்தபோக் என்ற பெயரில் விதைக்கப்படும் நெல், அங்குள்ள ஆலையில் அரைபட்டுத் தெற்கே வந்தால் சீரகச் சம்பா ஆகிறது. கேரளத்துக்குப் போனால் கைமா ஆகிறது. கொல்கத்தாவில் அதே அரிசிதான் பூஜைப் பாயசத்துக்கும் கிச்சடிக்கும். இப்படி மூன்று நான்கு சமையலறைகள் தேடி வாங்கும், சாதாரண அரிசியைவிடக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கும் ஒரு தானியத்தை விளைவிப்பவர் வளமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் நான்கைந்து: தரகர் கொள்ளை, பெயருக்குப் பாதுகாப்பின்மை, அரசு விலை கொடுக்காதது, ஏற்றுமதித் தடை, விவசாயிக்குச் சந்தை நிலவரம் தெரியாதது. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருப்பதாக நான் கருதுகிறேன். சிறு விவசாயி விற்பது நெல்லை. சந்தை தேடுவது அரிசியை. இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மாதங்களும் கிடங்கும் ஆலையும், அந்த மாதங்களைத் தாண்ட உதவும் கடனும் அவர் கையில் இல்லை. மணமுள்ள பாரம்பரிய நெல்லின் கூடுதல் விலை முழுவதும் அந்த இடைவெளியில்தான் உருவாகிறது. அங்கே இருப்பவருக்குத்தான் போய்ச் சேருகிறது.

இதைப் பார்க்க வயலைவிடக் கொல்கத்தாவின் கார்டன் ரீச் நல்ல இடம். நகரத்துக்குத் தென்மேற்கே ஹூக்ளி ஆறு வளையும் கரை அது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களின் தோட்ட வீடுகள் வரிசையாக நின்றதால் வந்த பெயர். 1856இல் அயோத்தி அரசை இழந்த வாஜித் அலி ஷா இங்குள்ள மெட்டியாபுருஸில் குடியேறி, 1887இல் இறக்கும்வரை ஒரு சின்ன லக்னோவையே நடத்தினார். உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணியின் கதை அங்கிருந்து தொடங்குவதாகத்தான் நகரத்தார் சொல்வார்கள். (வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரியாணிக்கு நீள அரிசி வேண்டும். வங்காளத்துக் குட்டை அரிசி பிரியாணியாவது திண்டுக்கல்லிலும் கோழிக்கோட்டிலும்தான்.) 1920களின் இறுதியில் கிங் ஜார்ஜ் டாக் என்று திறக்கப்பட்டு இன்று நேதாஜி சுபாஷ் பெயர் தாங்கும் துறைமுகத் தொட்டி இங்கேதான். ஹவுராவிலிருந்து தெற்கே வரும் ரயில் பாதையின் தொடக்கப் பகுதியை நிர்வகிக்கும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் இங்கேதான். அதற்கு முன் அது பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் தலைமையகம். கப்பல், ரயில், தையல் கூடங்களில் வேலை செய்யும் பெருங்கூட்டமான உழைப்பாளிகள் என்று சந்தையின் மூன்று முனைகளும் ஒரே கரையில் இருக்கின்றன. இல்லாதது வயலில் நிற்கிறவர் மட்டும்தான். இங்கிருந்து பின்னோக்கி நடந்தால் பணம் எந்த இடத்தில் தங்கிவிடுகிறது என்பது தெரியும்.

முதலில் பயிரைப் பற்றி. கோபிந்தபோக் என்றால் கோவிந்தனுக்குப் படைக்கும் அமுது. கொல்கத்தா உருவாகக் காரணமான மூன்று கிராமங்களில் ஒன்றான கோவிந்தபூரில் சேட் குடும்பத்தார் வழிபட்ட கோவிந்தஜிக்குப் படைத்ததால் இந்தப் பெயர் என்பார்கள். பிளாசிப் போருக்குப் பின் புதிய வில்லியம் கோட்டைக்காக அந்தக் கிராமம் அப்புறப்படுத்தப்பட்டது. சாமியும் இடம் மாறியது, அரிசியின் பெயர் நின்றுவிட்டது. தாமோதர் ஆற்றின் தென்கரையில் ராய்னா, கண்டகோஷ் பகுதிகள் இதன் முக்கிய நிலம். நம் சம்பாப் பருவத்தைப் போன்ற ஆமன் பருவத்தில் நட்டு, பனி இறங்கும் நாட்களில் பால் பிடித்து, நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் அறுவடைக்கு வருகிறது. அரிசியின் மணத்துக்குக் காரணமான 2-அசெட்டைல்-1-பிர்ரோலின் என்ற பொருள், கதிர் முற்றும்போது இரவு குளிர்ந்திருந்தால் நன்றாகச் சேரும். ஆகவே நினைத்த பருவத்தில் இதை விளைவிக்க முடியாது. பயிர் உயரமாக வளர்ந்து சாயும், உரம் அதிகம் தாங்காது. மகசூல், ஸ்வர்ணா போன்ற ரகங்கள் தருவதில் பாதியோ அதைவிடச் சற்றே அதிகமோதான். பாதி மகசூலை விலை ஈடுகட்டினால்தான் இந்தப் பயிர் பிழைக்கும். நுகர்வோர் அந்த விலையைக் கொடுக்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். மேற்கு வங்கத்தில் 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு நில உடைமையின் சராசரி அளவு சுமார் முக்கால் ஹெக்டேர். அது முழுவதிலும் கோபிந்தபோக் நட்டு ஹெக்டேருக்கு இரண்டே கால் டன் நெல் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறக்குறைய ஒரு டன்னும் எழுநூறு கிலோவும். பர்தமானில் நெல்லுக்கு விலை பேசும் 60 கிலோ மூட்டைக் கணக்கில், அங்கே சொல்வதுபோல், 28 ‘பஸ்தா’. பச்சரிசிக்கு அரசு கணக்கிடும் 67 சதவீத அரவை விகிதப்படி இது 1,130 கிலோ அரிசி ஆகும். கார்டன் ரீச் துறைமுகத்தில் ஏற்றப்படும் 20 அடிக் கண்டெய்னர் ஒன்றில் சுமார் 25 டன் அரிசி பிடிக்கும். அதாவது ஒரு கண்டெய்னரை நிரப்ப, வீட்டுக்கென்று ஒரு படிகூட வைக்காமல் 22 குடும்பங்கள் தங்கள் முழு விளைச்சலையும் கொட்ட வேண்டும். சந்தை விவசாயியை ஒதுக்குகிறது என்று சொல்லும்போது நாம் ஏதோ சதியைக் கற்பனை செய்கிறோம். பெரும்பாலும் நடப்பது இந்த எளிய வகுத்தல்தான். 28 மூட்டைகளையும் 25 டன்னையும் யாரோ ஒருவர் இணைத்தாக வேண்டும். கிராமம் கிராமமாகச் சைக்கிளிலும் வேனிலும் வந்து நெல் எடுக்கும் சிறு வியாபாரியான போரியாவும், அவருக்கு மேலே கமிஷன் மண்டி நடத்தும் ஆரத்தாரும், அவருக்கும் மேலே ஆலைக்காரரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இணைப்பதற்குக் கூலி வாங்குவது நியாயம். ஆனால் அவர்கள் வாங்குவது இணைப்புக் கூலி மட்டும்தானா என்பதே கேள்வி. டிசம்பரில் நெல் அறுவடையானதும் அதே நிலத்தில் உருளைக்கிழங்கோ போரோ என்ற கோடை நெல்லோ வைக்க வேண்டும்; விதைக்கும் உரத்துக்கும் தண்ணீருக்கும் பணம் உடனே தேவை. பழைய கடனும் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். எல்லோரும் ஒரே மாதத்தில் விற்பதால் விலையும் அப்போது தாழ்ந்தே இருக்கும். பொருளியலாளர் அமித் பாதுரி 1970இல் மேற்கு வங்கத்தின் 26 கிராமங்களில் திரட்டிய செய்திகளைக் கொண்டு 1973இல் எழுதிய கட்டுரை இந்த ஓட்டத்தைத் துல்லியமாகக் காட்டியது. விலை உயர்ந்திருக்கும் பஞ்ச மாதங்களில் நெல்லாகக் கடன் வாங்கி, விலை தாழ்ந்த அறுவடை மாதத்தில் நெல்லாகவே திருப்பித் தரும் குத்தகையாளர், பெயரளவு வட்டியைப்போலப் பன்மடங்கு செலுத்துகிறார். அந்த உறவு நிலச்சீர்திருத்தத்துக்குப் பின் தளர்ந்தது. 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாரதாரர்களைப் பதிவு செய்தது. நிலத்தின் மேல் உரிமை கிடைத்தது, நெல்லின் மேல் கிடைக்கவில்லை. நிலக்கிழார் விட்ட இடத்தில் வியாபாரி வந்து உட்கார்ந்தார். தமிழ்நாட்டின் வட ஆற்காட்டையும் வங்காளத்தையும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட் 2008இல் வெளியிட்ட ‘ரூரல் கமர்ஷியல் கேபிடல்’ நூலின் பொருளே இதுதான். எண்ணிக்கையில் ஆயிரக்கணக்கான சில்லறை வியாபாரிகள் திரிந்தாலும் அரிசிச் சந்தையின் பிடி சில பெரிய ஆலைகளிடமும் மொத்த வியாபாரிகளிடமும் இருக்கிறது; ‘தாதன்’ என்ற முன்பணம் மேலிருந்து கீழே இறங்க, நெல் கீழிருந்து மேலே ஏறுகிறது.

நெல்லை அரிசியாக்கும் வேலை எப்போதும் ஆலையிடம் இருந்ததில்லை என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. வங்காளத்து வீடுகளில் ‘டெங்கி’ என்ற மிதி உலக்கை இருந்தது. நம் உரல் உலக்கையின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். நெல் வாங்கிக் குத்தி அரிசியாக விற்றுப் பிழைத்த பெண்கள், விதவைகள் பெருந்திரள். முகுல் முகர்ஜி 1983இல் எழுதிய ஆய்வு, இயந்திர ஆலைகள் வந்தபின் அந்தப் பெண்களின் தொழில் எப்படிக் கரைந்தது என்று விவரிக்கிறது. பெண்களின் வேலையிழப்பாக அது சரியாகவே பதிவாகியிருக்கிறது. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: அரிசியை விற்கும் வல்லமை கிராமத்தை விட்டுப் போனது அப்போதுதான். டாலிகஞ்ச் கால்வாய்க் கரையிலிருந்த சேத்லா அரிசிச் சந்தைக்கும் கார்டன் ரீச் கரைக்கும் சில மைல்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆலைகள் பெருகப் பெருக, கிராமம் அரிசி அனுப்பும் இடமாக இல்லாமல் நெல் அனுப்பும் இடமாக மாறியது. உலக்கைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையின் பாடு தெரிந்தவர் யாரும் சொல்லமாட்டார். உமி நீக்குவது எந்த ஊரில் நடக்கிறது என்பது சமையல் விஷயமல்ல, அதிகார விஷயம் என்று மட்டும் சொல்கிறேன்.

விவசாயிக்கு விலை நிலவரம் தெரிந்தால் போதும், கைபேசி எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்ற வாதம் இன்றும் வலுவாக இருக்கிறது. இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட கேரள மீனவர் ஆய்வு. கைபேசி வந்தபின் மத்தி மீனின் விலை கரைக்குக் கரை வேறுபடுவது ஏறக்குறைய மறைந்தது, மீனவர் லாபம் 8 சதவீதம் உயர்ந்தது. உண்மை. ஆனால் வங்காளத்திலேயே இதற்கு மாறான சான்று உண்டு. சந்தீப் மித்ரா, திலீப் முகர்ஜி, மாக்ஸிமோ தொரேரோ, சுஜாதா விசாரியா ஆகியோர் 2008இல் ஹூக்ளி, மேற்கு மேதினிபூர் மாவட்டங்களின் 72 கிராமங்களில் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு மொத்தச் சந்தை விலையை நாள்தோறும் தெரிவித்துப் பார்த்தார்கள். விவசாயிக்குக் கிடைத்த சராசரி விலை உயரவில்லை. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும் முரண் இல்லை. கேரளத்துப் படகு இந்தக் கரை வேண்டாமென்றால் அடுத்த கரைக்குத் திரும்பலாம். பர்தமான் விவசாயியின் 28 மூட்டைகளுக்குத் திரும்ப வேறு கரை இல்லை. மொத்த வியாபாரி சில்லறையாகக் கொண்டுவருபவரிடம் வாங்குவதுமில்லை. போக வழியில்லாதவருக்கு விலைச்செய்தி அனுப்பினால் தான் எவ்வளவு இழக்கிறோம் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வார், அவ்வளவுதான்.

புவிசார் குறியீடு அடுத்த நம்பிக்கை. கோபிந்தபோக்குக்கும் வட வங்கத்தின் துலைபாஞ்ஜிக்கும் 2017இல் குறியீடு கிடைத்தது. 2024 தொடக்கத்தில் ஜல்பாய்குரியின் காலோநூனியாவுக்கும் கிடைத்தது. வயநாட்டின் ஜீரகசாலாவும் கந்தகசாலாவும் 2010லேயே வாங்கிவிட்டன. பெயரைத் திருடுவதைத் தடுக்கக் குறியீடு பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் கோபிந்தபோக்கின் சிக்கல் பெயர்த் திருட்டே அல்ல. நம் கடைகளில் அது தன் பெயரைத் தானே கழற்றிவிட்டுச் சீரகச் சம்பாவாக நிற்கிறது, ஏனென்றால் அந்தப் பெயருக்குத்தான் இங்கே விலை. குறியீடு அரிசிப் பையின் மேல் ஒட்டப்படும் முத்திரை. விவசாயி பை போடுகிறவரல்ல. பாஸ்மதியைக் காட்டி எதிர்வாதம் செய்யலாம். அதற்கு 2016இல் குறியீடு கிடைத்தது, ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கும் மேல் ஏற்றுமதியாகிறது, பஞ்சாப், ஹரியானா விவசாயி சம்பாதிக்கவில்லையா என்று. சம்பாதிக்கிறார். குறியீடு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சம்பாதித்தார். பக்கத்திலேயே ஒழுங்குமுறை மண்டி, வெளிப்படையான ஏலம், டிராக்டர் நிறைய ஏற்றிவரும் அளவுக்கு நிலம், விலை படியாவிட்டால் சில வாரம் காத்திருக்கும் தெம்பு என்று அங்கே முன்னதாக இருந்தவைதான் காரணம். முத்திரை அவற்றின் மேல் வந்து அமர்ந்தது.

அரசு கொள்முதலுக்கு வருவோம். 2025–26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நெல் ஆதார விலை சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், ‘ஏ’ கிரேடுக்கு 2,389 ரூபாய். இந்தியாவில் விளையும் ஆயிரக்கணக்கான நெல் வகைகளுக்குள் அரசின் தராசு காணும் வேறுபாடு மொத்தமே 20 ரூபாய். இந்த விலைக்குக் கோபிந்தபோக்கைப் போட்டால் பாதி மகசூலுக்குச் சாதா விலை, யாரும் போடமாட்டார்கள். நம் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதே கதிதான். நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுத் தந்துவிட்டு 2018இல் மறைந்தார். 2021இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அவர் பெயரிலேயே ஓர் இயக்கத்தை அறிவித்தது. விதை பரவியது. விளைந்ததைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அதற்கென்று தனி விலை இல்லை. சாதா நெல்லுக்கே கொள்முதல் எல்லோரையும் எட்டுவதில்லை. நாடு முழுவதும் ஆதார விலையில் அரசு நிறுவனங்களுக்கு விற்பவர்கள் 6 சதவீத விவசாயிகளே என்று சாந்தகுமார் குழு 2015இல் சொன்னது. வங்காளத்தில் பட்டாவோ பதிவோ இல்லாத குத்தகைக்காரர் அரசு மையத்தில் தன் பெயரில் விற்பது கடினம். விற்கப் போனவருக்கோ ‘தல்தா’ காத்திருக்கிறது. ஈரம், பதர், தூசி என்று சொல்லிக் குவிண்டாலுக்கு இத்தனை கிலோ என்று கழித்துவிடும் வழக்கம் அது. டெல்டாவில் 17 சதவீத ஈரப்பதக் கெடுபிடியையும் மூட்டைக்கு இவ்வளவு என்ற வசூலையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஏற்றுமதிக் கதையில் அரசின் இந்தப் பார்வைக் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. 2022 செப்டம்பரில் பாஸ்மதியும் புழுங்கலும் அல்லாத அரிசிக்கு மத்திய அரசு 20 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. கோபிந்தபோக் பச்சரிசி, வங்காளத்தில் சொல்வதுபோல் ‘ஆதப்’. சுங்கப் பட்டியலில் பாஸ்மதிக்கு இருந்ததுபோல் தனி வரிசை எண் அப்போது அதற்கு இருக்கவில்லை; ரேஷன் தரத்து வெள்ளை அரிசியோடு சேர்ந்து வரியில் மாட்டியது. அதே ஆண்டு நவம்பரில் மாநில முதல்வர் மம்தா பானர்ஜி பிரதமருக்குக் கடிதம் எழுதி விலக்குக் கேட்டார். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு முழுத் தடையே வந்தது. 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. இடையில் உத்தரப் பிரதேசத்தின் காலாநமக்குக்கு மட்டும் 1,000 டன் வரை அனுமதி கிடைத்தது என்பதிலிருந்து ரகம் பார்த்து விலக்களிக்க அரசால் முடியும் என்பதும் தெரிந்தது. நகர ஏழைக்கு அரிசி மலிவாகக் கிடைக்கவே தடை என்பார்கள். மெட்டியாபுருஸின் தையல் தொழிலாளி கோபிந்தபோக் சாப்பிடுகிறவரல்ல. அதைத் துறைமுகத்தில் நிறுத்தியதால் அவர் தட்டில் ஒரு பருக்கை கூடவில்லை.

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளவும் கூடாது, ஏனென்றால் கொல்கத்தாவுக்கு அரிசி என்பது நினைவில் வடுவான விஷயம். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் நகரத்தில் குண்டு வீசின. வியாபாரம் குலைந்ததும் அரசு நகரக் கிடங்குகளின் அரிசியைக் கைப்பற்றியது. அதற்கு முன்பே வணிகச் சபையின் ஏற்பாட்டின் மூலம் தொழிற்சாலை ஊழியர்களுக்கு அரிசி உறுதி செய்யப்பட்டிருந்தது. நகரம் உண்டது, 1943இல் கிராமம் செத்தது. வுட்ஹெட் விசாரணைக் குழுவின் மதிப்பீடு 15 லட்சம் உயிர்கள். அமர்த்தியா சென் 30 லட்சம் வரை கணக்கிட்டார். அவர் 1981இல் எழுதிய நூலில் என் வாதத்துக்கு நேராகப் படும் ஒரு தகவல் இருக்கிறது. மிக அதிகமாக அழிந்தவர்கள் விவசாயக் கூலிகள், மீனவர்கள், வண்டி படகு ஓட்டியவர்கள். சொந்தமாகப் பயிரிட்டவர்களும் வாரத்துக்கு உழுது நெல்லாகப் பங்கு பெற்றவர்களும் ஒப்பளவில் தப்பினார்கள். எவ்வளவு விளைந்தது என்பதைக் காட்டிலும், விலை ஏறும் மாதங்களில் தானியம் யார் வீட்டில் இருந்தது என்பதே உயிரைத் தீர்மானித்தது. பஞ்சம் போய்விட்டது. ஆனால் விலை ஏறும் மாதங்களில் தானியம் விவசாயியின் வீட்டில் இல்லை என்ற நிலை போகவில்லை.

அப்படியென்றால் வியாபாரியை விரட்டிவிடலாமா? இல்லை. இடைத்தரகர் என்ற சொல்லை வசையாக மட்டும் பயன்படுத்துவது நம் மேடைப் பழக்கம். போரியா வீட்டு வாசலுக்கு வருகிறார், ஈரநெல்லையும் எடுக்கிறார், பத்திரம் கேட்பதில்லை, மகள் கல்யாணத்துக்கு இரவோடிரவாகப் பணம் தருகிறார். இவற்றில் ஒன்றையும் செய்யாத கூட்டுறவுச் சங்கம் அவரை வெல்ல முடியாது. அவர் தரும் சேவைகளில் மிக முக்கியமானது போக்குவரத்து அல்ல, காத்திருப்பு. விவசாயி காத்திருக்க முடியாத மாதங்களை அவரும் அவருக்குப் பின்னால் இருக்கும் ஆலையும் காத்திருக்கிறார்கள். பழைய அரிசி உதிரியாக வேகும் என்று பிரியாணிக் கடைக்காரர் கூடுதல் கொடுக்கும்போது அந்தக் காத்திருப்புக்கான விலை ஆலைக்குப் போகிறது. ஆகவே தீர்வு என்ற பெயரில் எது வந்தாலும் அதைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது விவசாயியைக் காத்திருக்க விடுகிறதா?

இந்தக் கேள்விக்கு ஓரளவு ‘ஆம்’ என்று சொல்லும் அனுபவங்கள் உண்டு. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் சாமையும் தினையும் மரவள்ளிக்கு இடம்கொடுத்து ஒதுங்கிக்கொண்டிருந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் அங்கே வேலை செய்தபோது, விதை, பிரச்சாரம் எல்லாவற்றையும்விட முட்டுக்கட்டையாக இருந்தது உமி நீக்கும் பாடு என்பது தெரிந்தது. மலையிலேயே சிறு அரவை இயந்திரங்களை வைத்துச் சுயஉதவிக் குழுக்கள் நடத்தத் தொடங்கிய பின்பே தானியம் அரிசியாகவும் மாவாகவும் கீழே இறங்கியது. கியோம் குருயேர், லதா நாகராஜன், ஆலிவர் கிங் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதை மிகையாகப் புகழவில்லை; கூட்டு முயற்சி இன்றியமையாதது, ஆனால் அது மட்டும் போதாது, வெளியிலிருந்து ஆதரவு தேவைப்பட்டது என்றது. ஒடிசா 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கம் அந்த வெளி ஆதரவை அரசே தந்தால் என்ன ஆகும் என்று காட்டியது. கேழ்வரகை ஆதார விலைக்கு வாங்கி, ரேஷனில் கொடுத்து, கோராபுட் போன்ற மாவட்டங்களில் பயிரைத் திரும்ப நிலைநிறுத்தியது. ஆனால் கேழ்வரகைத் தீட்ட வேண்டியதில்லை, அப்படியே அரைக்கலாம். கோபிந்தபோக்குக்கு அந்த வசதி இல்லை.

காத்திருக்க வைக்கும் கருவி சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2007ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டப்படி, பதிவு பெற்ற கிடங்கில் நெல்லை வைத்துவிட்டு அதன் ரசீதின் பேரில் வங்கிக் கடன் பெறலாம். 2017 முதல் அந்த ரசீது மின்னணு வடிவிலும் வந்துவிட்டது. டிசம்பரில் கடனை வாங்கி உருளைக்கிழங்கு நட்டுவிட்டு, நெல்லை விலை வரும்போது விற்கலாம். நடைமுறையில் 28 மூட்டைக்காரருக்கு இது எட்டாத உயரம். கிடங்கு தொலைவில், மூட்டை குறைவு, குத்தகைக்காரருக்குப் பெயரில்லை. இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தால் எட்டும். சேர்ந்தாலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டன என்று மறுப்பவர்கள் சொல்வது சரியே. அவற்றில் பெரும்பாலானவை உரமும் விதையும் விற்கும் கடைகளாகத் தொடங்கி அப்படியே முடிந்தன. உறுப்பினரின் நெல்லை அறுவடை நாளில் பணம் கொடுத்து எடுக்கும் நடைமுறை மூலதனம் அவற்றிடம் இருந்ததில்லை. அந்த மூலதனம் இல்லாத நிறுவனம் போரியாவிடம் முதல் நாளிலேயே தோற்கும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: காத்திருப்பதும் சூதாட்டம்தானே, 2022 செப்டம்பரில் கையில் நெல் வைத்திருந்தவருக்கு வரி அறிவிப்பு இழப்பல்லவா தந்திருக்கும்? ஆம். அதனால்தான் கிடங்கும் சுங்க எண்ணும் ஒரே கொள்கையின் இரு கைகள் என்கிறேன். ஒரு கையால் வைத்திரு என்று சொல்லிவிட்டு மறு கையால் கப்பலை நிறுத்தக் கூடாது.

மிச்சமிருப்பது, பாதி மகசூல் ரகத்தை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்ற கேள்வி. நாட்டுக்குச் சோறு போடும் பொறுப்பைக் கோபிந்தபோக்கின் தலையில் யாரும் ஏற்றவில்லை. அதற்கு ஸ்வர்ணா இருக்கிறது, இருக்கட்டும். முக்கால் ஹெக்டேர்க்காரர் சாதா நெல்லை விளைவித்து எந்த விலையிலும் தலையெடுக்க முடியாது. நில அளவு அப்படி. அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அனுகூலம், பெரிய நிலக்காரர் தொடத் தயங்கும், தாமோதர்க் கரைப் பனியில் மட்டும் மணக்கும் ஒரு பயிர். அந்த மணத்துக்கு உலகம் கொடுக்கும் கூலியின் பெரும்பகுதி ராய்னாவைத் தாண்டிய பிறகே எண்ணப்படுகிறது. மேற்கு வங்க அரசு இனி அடுத்த ரகத்துக்குக் குறியீடு கேட்டு விண்ணப்பம் எழுதுவதை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு, அந்தச் செலவையும் உழைப்பையும் ராய்னாவிலும் கண்டகோஷிலும் உலர்களம், சிறு கிடங்கு, பச்சரிசிக்கேற்ற அரவை இயந்திரம், அறுவடை நாளில் பணம் கொடுக்கும் நடைமுறை மூலதனம் ஆகிய நான்கிலும் போட வேண்டும். தமிழக அரசும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கருப்புக் கவுனிக்கும் விழா எடுப்பதற்கு முன் இதையே திருத்துறைப்பூண்டியில் செய்யலாம். கடையில் சீரகச் சம்பா வாங்கும் வாசகர் ஒருமுறை பையைத் திருப்பிப் பார்க்கட்டும்: அரைத்த ஆலையின் முகவரி அச்சாகியிருக்கும், விளைந்த ஊரின் பெயர் பெரும்பாலும் இருக்காது.